எல்லோருக்கும் ஒரே பானை

திராட்சை ஜெல்லி போட வேண்டும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் யாரும் நம்புவதில்லை. பார்பிக்யூ சாஸில் ஜெல்லியா என்று முகம் சுளிப்பார்கள். ஒரு சாசேஜ் வில்லையைக் குச்சியில் குத்தி வாயில் போட்ட பிறகு பானையை விட்டு நகரமாட்டார்கள். நீயும் அப்படித்தான் நின்றாய், வெஸ்லி. உனக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிறு, தலை ஈரம்கூடக் காயாமல் சபைக் கூடத்துக்கு வந்து என் பானைக்குப் பக்கத்திலேயே நின்று தின்றாய். இன்று சட்டையில் ஷெரிஃப் ஆபீஸ் பேட்ஜ் குத்தியிருக்கிறாய். வக்கீல் வேண்டுமா என்று கேட்டாய். வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு எவனுடைய உதவியும் தேவையில்லை.

முதலில் பதார்த்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்ப் பெண்கள் ஹாட் டாக் சாசேஜை நறுக்கி ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரப் பானையில் கொட்டி, சாஸ் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அதற்குப் பெயர் சமையல் இல்லை, ஊறப்போடுவது. வில்லைகளை முதலில் இரும்புச் சட்டியில் ஓரம் சுருண்டு கருகுகிற வரை வாட்ட வேண்டும். கருகின ஓரத்தில்தான் சாஸ் பிடிக்கும். பிறகு ஜெல்லி, பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் வினிகர், கடுகு விழுது. கடைசியில் மூடியை எடுத்துவிட்டு, சாறு கரண்டியை விட்டு இறங்கத் தயங்குகிற வரை சுண்டவிட வேண்டும். சாசேஜ் மாடும் பன்றியும் கலந்ததாக இருக்க வேண்டும். அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் இனிப்பு தனியாகவும் கறி தனியாகவும் நிற்கும். இந்த மாவட்டத்தில் ஒரு கல்யாணமோ, சாவுச் சாப்பாடோ, கால்பந்துப் பார்ட்டியோ என் பானை இல்லாமல் நடந்ததில்லை. இதில் தற்பெருமை ஏதும் இல்லை. மற்றவர்கள் கொண்டுவந்தவை மீந்து போகும், என்னுடையது மிஞ்சாது, அவ்வளவுதான்.

ஹார்லன் என் தம்பி. அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. அவன் முதல் பெண்டாட்டி ஒரு டயர் வியாபாரியோடு போனாள், போகும்போது நல்ல வாணலியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அவனுக்குச் சோறு போட்டது நான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், சோபாவில் தூங்குவான். இலையுதிர் காலம் வந்துவிட்டால் அவன் வீட்டுக் கீழ்த்தளத்தில் கால்பந்து பார்க்க ஊரில் பாதி கூடும். பில்லியர்ட்ஸ் மேஜை மேல் பலகை போட்டு அதன் நடுவில் என் பானையை வைப்பான். “அக்கா வந்தாச்சு, இனிமே ஆட்டம் ஆரம்பிக்கலாம்” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

கிளென்னாவை அவன் பல் வலிக்குப் போன இடத்தில் பிடித்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தவள். தூரத்து ஆரிகனில் அவளுக்கு ஒரு மகள் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு பேருக்கும் கல்யாணம். எப்போது பார்த்தாலும் சிரிப்பாள். பல்லைக் காட்டுவது பழைய வேலையின் மிச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மார்ஜரின் தீர்ந்த டப்பாக்களைக் கழுவிக் கழுவி அடுக்கி வைப்பாள். பார்ட்டி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அதில் மிச்சத்தைப் போட்டுக் கொடுத்து அனுப்புவாள். கையில் குப்பையைக் கொடுத்தாலும் வாங்குகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பிறகு அந்த உண்ணி கடித்தது. குளத்துக்குப் பின்னால் கருப்புப் பெர்ரி பறிக்கப் போனவளின் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததாம். நம் ஊரில் உண்ணி கடிக்காதவர் யார்? பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். இவளுக்கு உடம்பெல்லாம் தடித்தது, வயிற்றைப் புரட்டியது, ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் அலைந்தார்கள். கடைசியில் ஹார்லன் வந்து சொன்னான்.

“மாடு, பன்னி ரெண்டும் இனிமே ஆகாதாம் அக்கா. அந்த உண்ணி கடிச்சா சில பேருக்கு அப்படி ஆகுமாம். கோழி, மீன் பரவால்லயாம்.”

“உண்ணி கடிச்சா கறி ஒத்துக்காதுன்னு எந்த ஊர்லடா சொல்றாங்க?”

“டாக்டரே சொல்றாரு. தின்ன உடனே ஒண்ணும் தெரியாதாம். நாலஞ்சு மணி நேரம் கழிச்சுத் தூக்கத்துலதான் வருமாம். மூச்சே அடைச்சிடுமாம்.”

தின்னும்போது ஒன்றும் செய்யாது, ஊர் அடங்கின பிறகு, புருஷன் பக்கத்தில் படுத்திருக்கிற நேரம் பார்த்து வரும் வியாதி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் வீட்டில் ஹாம்பர்கர் நின்றது. பன்றி இறைச்சி வறுத்தால் வாசனையே அவளுக்கு ஆகாது என்று அதுவும் நின்றது. ஞாயிறு மதியம் என் வீட்டுக்கு இரண்டு பேருமாக வந்து, அவள் என் ரோஸ்டைத் தொடாமல் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருப்பாள். அடுத்தடுத்த வாரங்களில் அவர்கள் வருவது குறைந்தது.

கால்பந்துப் பருவம் தொடங்கியபோது ஹார்லன் ஒரு சின்ன ஸ்லோ குக்கர் வாங்கிவந்தான். “இவளுக்குன்னு கோழி சாசேஜ்ல கொஞ்சம் பண்ணேன் அக்கா. உன் கைல தின்னு ரொம்ப நாளாச்சுன்னு ஏங்கறா” என்றான். செய்தேன். கோழி சாசேஜ் என்பது நனைந்த அட்டைக்கு உப்புப் போட்டது மாதிரி. வாட்டினால் சுருளாது, வெளுத்துக்கொண்டு படுத்திருக்கும். இருந்தாலும் செய்தேன். சின்னப் பானை மேல் டேப் ஒட்டி அவள் பெயரை எழுதினேன். கரண்டி மாறிவிடக்கூடாது என்று அதற்குச் சிவப்புப் பிடி போட்ட கரண்டி வைத்தான் ஹார்லன். அவன் பெரிய பானைப் பக்கம் வரவே இல்லை. பெண்டாட்டிக்குத் துணையாகச் சின்னப் பானையில்தான் தின்றான்.

சபைச் சமையலறையைக் கட்டி ஆளும் நெல்டாவை உனக்குத் தெரியும். அவள் சின்னப் பானையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: “வித்தியாசமே தெரியல ட்வைலா. பேசாம எல்லாருக்கும் இதையே பண்ணிடலாம் போலிருக்கே.”

நெல்டாவுக்கு நாக்குச் செத்துப் பல வருடம் ஆகிறது. மார்ஷ்மெல்லோ மிட்டாயைப் பழத்தில் கலந்து சாலட் என்று மேஜையில் வைக்கிற பெண் அவள். ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஹார்லனும் ஆட்டினான். இத்தனை வருடம் இவர்கள் என் பானையைச் சுற்றி நின்றது என்னத்துக்கு என்று அப்போதுதான் யோசித்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றால் கிளென்னாவுக்கும் தெரியாது. அவள் சொல்வது நிஜமா என்று பார்த்துவிடலாம். எவ்வளவு நேர்மையான யோசனை என்று நீயே சொல்லு.

அடுத்த பார்ட்டிக்குச் சின்னப் பானையில் ஒரு கைப்பிடி நல்ல வில்லைகளைக் கலந்தேன். அவள் சாப்பிட்டாள், சாறு வழிந்த விரலை நக்கினாள். நம் அணி ஜெயித்தபோது எழுந்து குதித்தாள். ஆட்டம் முடிந்து பாத்திரம்கூடக் கழுவினாள். நான் கூடவே நின்று துடைத்து வைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன், இத்தனை நாள் என் தம்பிக்குக் காது குத்தியிருக்கிறாள் என்று.

காலையில் ஹார்லன் போன் பண்ணினான். ராத்திரி முழுக்க எமர்ஜென்சியில் இருந்தார்களாம். உதடு வீங்கி, பேச்சு வராமல், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாளாம். டாக்டர் கேட்டதற்கு இவர்கள் யோசித்து யோசித்துக் கடைசியில் நெல்டாவின் மார்ஷ்மெல்லோவைப் பிடித்தார்கள். அதில் சேர்க்கிற ஜெலட்டின் பன்றி எலும்பிலிருந்து எடுப்பதாமே. நெல்டா சபையில் எல்லோர் முன்னாலும் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த சாலட்டை அன்றோடு நிறுத்தினாள். அந்த அளவில் நல்லதுதான் நடந்தது.

நீ முகத்தைச் சுளிக்கிறாய். ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம் இல்லையா? பயமே பாதி வியாதி. அதனால் நன்றி தெரிவிக்கும் நாள் பார்ட்டியில் இன்னொருமுறை பார்த்தேன், இந்தத் தடவை பாதிக்குப் பாதி. அன்று ராத்திரி ஆம்புலன்ஸே வந்தது. இப்போது பழி ஒரு பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த பீன்ஸ் மேல் விழுந்தது, பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பாள் என்று. அவள் தாளிக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். அவளை யாரும் நம்பவில்லை.

ஆகவே வியாதி நிஜம்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் பிடிவாதக்காரி இல்லை, கண்ணால் கண்டதை ஒப்புக்கொள்வேன்.

டாக்டர் ஒரு பேனா மாதிரி ஊசி கொடுத்தார். மூச்சு அடைத்தால் உடனே தொடையில் குத்த வேண்டும். ஹார்லன் என் வீட்டுச் சமையலறையில் வைத்து, மருந்தில்லாத பயிற்சி ஊசியை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினான். கிளென்னா கைப்பையைத் திறந்து நிஜ ஊசியை உள்ளே வைத்து, “இது என் கூடவே இருக்கும், நீ பயப்படாத” என்று அவனுக்குத் தைரியம் சொன்னாள். பிறகு அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

“இனிமே உன் கையால சமைச்சது தவிர வெளில எதையும் இவ தொடக்கூடாது அக்கா. யாரையும் நம்ப முடியல.”

கிளென்னா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “நீங்க மட்டும் இல்லன்னா நான் இந்த ஊர்ல பட்டினிதான் அக்கா” என்றாள். அவள் தலையில் ஏதோ பூ வாசனை ஷாம்பு. இரண்டு முறை சாவின் வாசல் வரைக்கும் போய் வந்தவள், அங்கே அனுப்பியவளையே கட்டிக்கொண்டு நிற்கிறாள். இப்படிப்பட்ட ஒருத்தியை மதிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாய்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாலாட்டும்.

இதோடு விட்டிருப்பேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், சின்னப் பானையில் அதன் பிறகு கோழியைத் தவிர எதையும் போடவில்லை. கிறிஸ்துமஸ் முழுக்க அவள் நன்றாகத்தான் இருந்தாள், கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல ஆயிற்று. ஜனவரி கடைசியில் இரண்டு பேரும் வந்து என் சோபாவில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“இங்கேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகுது அக்கா,” என்றான் ஹார்லன். “வீட்ட வித்துட்டு ஸ்பிரிங்ஃபீல்டு பக்கமே போயிடலாம்னு பாக்கறோம். பனி விட்டதும்.”

“அப்ப ஞாயித்துக்கிழமை சாப்பாடு?”

“அப்பப்ப வருவோம்,” என்றாள் கிளென்னா.

அப்பப்ப. என் தம்பி கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஏதோ எனக்கு மிட்டாய் கொடுக்கிறவன் மாதிரி சொன்னான்: “இறுதி ஆட்டத்துக்கு நம்ம வீட்லதான் எல்லாரும். கடைசிப் பார்ட்டி. ஒண்ணு மட்டும் கேக்கறேன் அக்கா. ரெண்டு பானை, ரெண்டு கரண்டின்னு இவ பயந்துக்கிட்டே சாப்பிட வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பானையா கோழிலயே பண்ணிடு. யாருக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்ல.”

சரி என்றேன். குரல்கூட மாறவில்லை. எல்லோருக்கும் ஒரே பானைதான் செய்தேன்.

கடையில் கோழி சாசேஜ் பொட்டலங்களும் வாங்கினேன். அவற்றின் உறைகளை ஹார்லன் வீட்டுக் குப்பைத்தொட்டியில், பார்த்தால் தெரிகிற மாதிரி மேலாகப் போட்டேன். உள்ளே இருந்ததைப் பக்கத்து வீட்டு நாய்கள் தின்றன. பானைக்குள் போனது நான் எப்போதும் செய்வது. சொன்னால் நம்பமாட்டாய், அத்தனை வருடத்தில் அவ்வளவு நன்றாக அது அமைந்ததே இல்லை. வில்லை ஒவ்வொன்றும் மெருகு போட்டாற்போல மின்னியது.

பில்லியர்ட்ஸ் மேஜை மேல் நடுவில் வைத்தான் ஹார்லன். “எல்லாம் கோழி. யார் வேணா எந்தக் கரண்டில வேணா எடுக்கலாம்” என்று அறிவித்தான். நெல்டா ஒன்றைத் தின்றுவிட்டு, “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றாள். யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மாட்டையும் பன்றியையும் வாயில் வைத்துக்கொண்டு, கோழி எவ்வளவு உடம்புக்கு நல்லது என்று பேசிக்கொண்டார்கள். இந்த நாக்குகளுக்கா நான் இத்தனை காலம் அடுப்படியில் நின்றேன் என்றிருந்தது.

கிளென்னா தட்டு நிறைய எடுத்தாள். மறுபடி எடுத்தாள். பயமில்லாமல் எல்லோரோடும் ஒரே பானையில் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று என்னிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. “சாப்பிடு, நிறைய இருக்கு” என்றேன்.

எல்லோரும் போன பிறகு சமையலறை மேடையைத் துடைத்தது நான். அவள் கைப்பை மேடை மேல், சாஸ் சிந்தின இடத்தில் கிடந்தது. சாப்பாட்டு மேடையில் பை கிடந்தால் எனக்குப் பிடிக்காது. அடிப்பக்கத்தைத் துடைத்து, மாடிப்படிக்குப் பக்கத்து அலமாரியில், மேல் தட்டில், போர்வைகளுக்குப் பின்னால் வைத்தேன். அதில் அந்த ஊசி இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறாய். ஹார்லன் குத்திப் பழகினபோது ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான், வெஸ்லி.

மீதி உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது ஹார்லன் வீட்டிலிருந்த இழுப்பறைகளை எல்லாம் தரையில் கவிழ்த்திருந்தான். அவள் கூடத்தில் கிடந்தாள். அடக்கத்தன்று சபைச் சாப்பாட்டுக்கு நெல்டா என்னைத்தான் கேட்டாள், நானும் பானையைக் கொண்டுபோனேன். காலியாகத்தான் திரும்பி வந்தது.

பிறகு நெல்டா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ட்வைலா பானையில் ஏதாவது கலந்துபோயிருக்குமோ என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ஹார்லனுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கிளென்னா கடைசிப் பார்ட்டியில் தனக்கென்று மார்ஜரின் டப்பாவில் எடுத்து ஃப்ரீசரில் வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு உன் ஆபீசுக்கு வந்தான். “எங்க அக்கா சமையல்ல தப்பு இருக்காது. சோதிச்சுப் பாத்துட்டு அந்தப் பொம்பள மூஞ்சில அடிங்க” என்றானாம். நீதான் சொன்னாய். என் பெயரைக் காப்பாற்றத்தான் அவன் அந்த டப்பாவைக் கொடுத்தான். கிளென்னாவுக்காகக் கொடுக்கவில்லை. இதை நீ எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்று காலை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றாய். “அதுல மாடும் பன்னியும் இருந்திருக்கு, ட்வைலாம்மா. கம்பெனில பொட்டலம் மாறிப்போயிருக்கும். நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க” என்றாய். நீயே எனக்கு வழியைத் திறந்துவிட்டாய். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் இப்போது வீட்டில் இருந்திருப்பேன். உன்னைப் போன்றவனை ஏமாற்றுவதற்குத் தலையாட்டுவதுகூட அதிகம்.

ஆனால் நீ கிளம்பும்போது இன்னொன்று சொன்னாய். ஹார்லன் தூங்குவதில்லை, யாரைப் பார்த்தாலும் அந்தப் பை எங்கே இருந்தது, தான் ஏன் பார்க்கவில்லை என்றே கேட்கிறான், தானே அவளைக் கொன்றதாகச் சொல்கிறான், ஆரிகனில் இருக்கிற அவள் மகளோடு போய்விடப் பெட்டி கட்டுகிறான் என்று. அதற்காகத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு உன் பின்னாலேயே வந்தேன்.

அவனிடம் போய்ச் சொல்லு. பை அவன் தேடக்கூடிய இடத்தில் இல்லை, நான் ஒளித்து வைத்தேன். பொட்டலம் மாறவில்லை, நான் தெரிந்துதான் போட்டேன், மூன்று தடவையும். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதைக் கேட்டுவிட்டால் அவன் மனசு ஆறிவிடும், ஊரை விட்டுப் போகமாட்டான். அவனுக்கு வேளைக்குச் சமைத்துப் போட இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.